இறால் ஓட்டையும் மட்டி ஓட்டையும் கீரைப் பாத்திக்கு உரமாக இடலாமா?

கேள்வி:
வேதாரண்யம் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் அரைக்கீரையும் முளைக்கீரையும் பயிரிட்டு வருகிறேன். அருகிலுள்ள இறால் உரிக்கும் கூடத்திலிருந்து தலையும் ஓடும் கூடை கூடையாகக் குப்பைக்குப் போகின்றன. அவற்றையும் கரையில் ஒதுங்கும் மட்டி ஓடுகளையும் இடித்துப் பாத்தியில் நேரடியாகத் தூவலாமா? வேர்முடிச்சு நூற்புழுவின் தொல்லையும் இங்கு உண்டு.

முதல் பதில்:
இரண்டையும் ஒரே உரமாகக் கருத வேண்டாம், ஐயா. மட்டி, சிப்பி ஓடுகள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. அவற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, எதிர்பார்க்க இயலாது. இறால் ஓட்டிலோ சுண்ணாம்போடு புரதமும், ஓட்டுக்கு உறுதி தரும் கைட்டின் என்ற பொருளும் சேர்ந்திருக்கின்றன. தூய கைட்டினில் ஏறத்தாழ 7 விழுக்காடு நைட்ரஜன் உண்டு. ஆனால் ஆக்டினோமைசீட்ஸ் முதலிய நுண்ணுயிர்கள் கைட்டினை மெல்ல மெல்லச் சிதைத்த பின்னரே அந்த நைட்ரஜன் வேருக்குக் கிடைக்கும் என்பதாலும், முளைக்கீரையை நான்கு வாரங்களுக்குள் பறித்துவிடுவோம் என்பதாலும், ஓட்டை முன்கூட்டியே மட்கவைத்து இடுவதே பொருத்தம். அந்த நுண்ணுயிர்கள் சுரக்கும் நொதி நூற்புழு முட்டையின் உறையிலுள்ள கைட்டினையும் தாக்குவதால் புழுத்தொல்லை ஓரளவு குறையலாம், முற்றிலும் ஒழிந்துவிடாது.

இரண்டாம் பதில்:
முதலில் மண்ணின் கார அமிலநிலையை (pH) சோதித்துக்கொள்ளுங்கள். கடலோர மணலில் சிப்பித் துகள் ஏற்கெனவே கலந்திருந்தால் அது 8-ஐத் தாண்டியிருக்கலாம். அத்தகைய மண்ணில் மட்டி ஓட்டுத்தூள் எளிதில் கரையாது. மேலும் மேலும் சுண்ணாம்பைச் சேர்த்தால் இரும்புச்சத்தைப் பயிர் எடுக்க முடியாமல், இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். கீரைக்கு இலைதானே விலை! மட்டி ஓட்டுத்தூள் அமில மண்ணுக்கே உரியது; உங்கள் நிலத்துக்கு அதைத் தவிர்ப்பது நல்லது என்றே கருதுகிறேன்.

மூன்றாம் பதில்:
உப்பையும் கவனிக்க வேண்டும். இறால் ஓட்டை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைப் பாத்தியில் படாமல் வெளியேற்றுங்கள். பிறகு ஓட்டை நொறுக்கி, அதைவிடப் பல மடங்கு காய்ந்த சருகும் சிறிது சாணமும் கலந்து, மேலே மண் மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் ஈயும் நாயும் மொய்க்கும். அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால் சருகு போதவில்லை என்று பொருள். குவியல் சூடேறித் தணிந்து, மீன் வாடை போய் மண்வாசம் வந்த பிறகு, விதைப்பதற்கு முன் அடியுரமாக மண்ணோடு கலந்துவிடுங்கள். மண்ணோடு ஒட்டி வளரும் கீரையின்மேல், வளர்ந்து நிற்கும்போது அதைத் தூவ வேண்டாம்.