செவ்வாயிலும் கரியமில வாயுதான், ஆனால் ஏன் குளிர்?

கேள்வி:
பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பது புதன், ஆனால் அதிகச் சூடு வெள்ளியில்தான், காரணம் கரியமில வாயு என்றேன். செவ்வாயிலும் 95 சதவீதம் அதே வாயுதானே, அது மட்டும் ஏன் குளிர்ந்து கிடக்கிறது என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. யாராவது விளக்குங்களேன்.

பதில் 1:
அருமையான கேள்வி. சதவீதத்தை விடுங்கள், மொத்தக் காற்று எவ்வளவு என்று பாருங்கள். வெள்ளியின் தரையில் காற்றழுத்தம் பூமியைப்போல் சுமார் 90 மடங்கு, செவ்வாயில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. வெள்ளியில் மேகத்தைத் தாண்டித் தரைக்கு வரும் வெயில் கொஞ்சம்தான், ஆனால் சூடான தரை விடுகிற அகச்சிவப்புக் கதிரை (கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்) அந்தத் தடித்த காற்று அடுக்கடுக்காக உறிஞ்சி மறுபடியும் கீழே அனுப்பிக்கொண்டே இருப்பதால் 460 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடுகிறது, ஈயமே உருகிவிடும். புதனுக்குப் போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை, பகலில் 430, ராத்திரியில் மைனஸ் 180. வெள்ளியில் ஒரு ராத்திரி என்பது நம் கணக்கில் 58 நாள், அத்தனை நாளும் சூடு குறைவதே இல்லை.

பதில் 2:
அப்படியானால் அழுத்தம்தானே காரணம்? சைக்கிள் பம்ப் அடித்தால் அடிப்பக்கம் சுடுகிறதே, அதேதான்.

பதில் 3:
இல்லைங்க, பம்ப் சுடுவது அடிக்கும்போது மட்டும்தான். அரை மணி நேரம் கழித்து டயரைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும், ஆனால் ஆறிப்போயிருக்கும். வெள்ளியும் வெப்பத்தை எளிதாக வெளியே விட முடிந்திருந்தால் எப்போதோ ஆறியிருக்கும்.

ஆனால் அழுத்தத்துக்கு வேறொரு வேலை உண்டு, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே எவ்வளவு கரியமில வாயு நிற்கிறது என்று கணக்குப் போட்டால் செவ்வாயில் பூமியைவிட அதிகம்! அப்படியிருந்தும் அங்கே அதனால் கிடைப்பது சில டிகிரிதான். அழுத்தம் குறைவாக இருந்தால் அந்த வாயு அகச்சிவப்பில் மிகக் குறுகலான அலைநீளக் கோடுகளை மட்டும் உறிஞ்சும், நடுவில் உள்ளவை தப்பித்துப் போய்விடும். மூலக்கூறுகள் நெருக்கியடித்து மோதிக்கொள்ளும் இடத்தில் அந்தக் கோடுகள் அகலமாகிச் சந்துகளெல்லாம் அடைபட்டுவிடும். பூமியில் கூடவே வெப்பத்தைப் பிடித்துவைக்க நீராவியும் இருக்கிறது, செவ்வாயில் அது பேருக்குத்தான்.

கேட்டவர்:
டயரைத் தொடச் சொல்லிக் காட்டினேன், உடனே புரிந்துகொண்டாள். இப்போது பூமிக்குக் காற்றே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்கிறாள்.

பதில் 1:
நிலாவைக் காட்டுங்கள். சூரியனிலிருந்து நாம் இருக்கும் தூரத்தில்தான் அதுவும் இருக்கிறது. நடுப்பகலில் சுமார் 120 டிகிரி, ராத்திரியில் மைனஸ் 130-க்கும் கீழே.