ரத்தத்தில் வோரிகோனசோல் (பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து) அளவு பார்க்கக் கோவையில் எங்கே அனுப்பலாம்?

ஊட்டியில் ஐசியூ மருத்துவர் நான். தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர், 48 கிலோ, நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைத் தொற்று. வோரிகோனசோல் முதல் நாள் கிலோவுக்கு 6 மி.கி. இரண்டு வேளை, அப்புறம் 4 மி.கி. வென்டிலேட்டரை எடுத்த பிறகு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று போர்வையைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். கல்லீரல் என்சைம்களும் ஏறுகின்றன. அழற்சியைக் காட்டும் சிஆர்பி இன்னும் இறங்கவில்லை. அழற்சியால் மருந்து உடம்பில் தேங்குகிறது என்பது என் சந்தேகம். தூக்க மருந்தை நிறுத்தியும் மாற்றமில்லை. வோரிகோனசோல் அளவைக் குறைக்கும் ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின் எதுவும் ஓடவில்லை. டோஸைக் குருட்டாம்போக்கில் குறைக்க மனமில்லை, ரத்தத்தில் அளவு லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே போனால் பூஞ்சை விடாது. விசாரித்த லேப்கள் வெளியூருக்கு அனுப்பி ஒரு வாரம் ஆகும் என்கின்றன. டோஸுக்கு முன் எடுத்த சீரத்தை ஐஸில் வைத்து மேட்டுப்பாளையம் வழியாக இறக்கிவிடலாம், அது பிரச்சினை இல்லை. இரண்டு நாளில் ரிசல்ட் தரும் லேப் கோவையில் எது?