அம்மாப்பேட்டையில் பழைய வீடு: 13 வருட ஈசி (வில்லங்கச் சான்று) போதுமா?

கேள்வி — சேலம்_வாங்குபவர்
அம்மாப்பேட்டையில் 1,200 சதுர அடியில் ஓட்டு வீடு ஒன்று பேசி வைத்திருக்கிறோம். விற்பவரின் அப்பா 1988-ல் கிரயம் பெற்றது. அவர் இறந்துவிட்டார், ஆவணங்கள் எல்லாம் இன்னும் அவர் பெயரில்தான். புரோக்கர் 13 வருட ஈசி கொடுத்து, "நில் வில்லங்கம் (ஒரு பதிவும் இல்லை), தைரியமா அட்வான்ஸ் போடுங்க" என்கிறார். லோன் போடுவதால் வங்கி வக்கீலும் பார்ப்பார். இதற்கு மேல் நாங்கள் பார்க்க என்ன இருக்கிறது?

பதில் — பத்திரம்_படிப்பவன்
அந்த ஈசியை ஓரமாக வையுங்கள். 1988-ல் வாங்கிய சொத்துக்கு 13 வருடம் மட்டும் தேடினால் வாங்கிய பத்திரமே அதில் வராது. ஒன்றும் வராத சான்று படிவம் 16-ல் வரும். பதிவுகள் இருந்தால் படிவம் 15.

பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தையது வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கையால் எழுதிய அட்டவணையைத் தேடச் சொல்ல வேண்டும். 30 வருடம் என்று வக்கீல்கள் சொல்வது காரணமில்லாமல் இல்லை: சொத்தை மீட்கத் தனியாருக்குப் பொதுவாக 12 வருடம், அரசுக்கு 30 வருடம் காலவரம்பு.

தேடியது சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. 1988 பத்திரத்தின் ஆவண எண் உங்கள் கையில் இருக்கிறது. புது ஈசியில் அந்த எண் வந்தே ஆக வேண்டும். வரவில்லை என்றால் தேடிய சர்வே எண்ணோ கிராமமோ தவறு, அந்த 'நில்'லுக்கு மதிப்பே இல்லை. சேலம் டவுனில் இந்தத் தவறு சகஜம். பழைய பத்திரத்தில் சர்வே எண் இருக்கும், பிறகு வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர சர்வே எண்) என்று மாறியிருக்கும். நகர நில அளவைப் பதிவேட்டு நகல் எடுத்து எந்தப் பழைய எண் எந்த டி.எஸ். எண்ணாக ஆனது என்று பொருத்திவிட்டு, இரண்டிலும் தனித்தனியாக ஈசி போடுங்கள். உட்பிரிவு ஆகியிருந்தால் பிரிவதற்கு முந்தைய எண்ணிலும். பகுதி வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்தின் காலத்தையும் சேர்த்துத்தான் தேட வேண்டும்.

வங்கி வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார். கடன் தொகை அளவுக்குத்தான் அவர்களுக்குக் கவலை. உங்களுக்கென்று தனியாக லீகல் ஒப்பீனியன் வாங்குங்கள்.

பதில் — ஈசி_வாசகர்
மேலே சொன்னது சரி. ஈசி வந்ததும் பெயர்களை மட்டும் பார்க்காமல் 'தன்மை' என்ற கட்டத்தைப் படியுங்கள். 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று ஒரு வரி இருந்தால் வங்கியில் பத்திரம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அதற்கு ஜோடியாகக் கீழே எங்காவது 'ரசீது' இருக்க வேண்டும், அந்த ரசீதின் முந்தைய ஆவண எண் ஒப்படைப்பின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கடன் 2009-லேயே அடைந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. ரசீது பதிவாகும்வரை அட்வான்ஸ் வேண்டாம். கிரய உடன்படிக்கை பதிவாகி, ரத்து இல்லாமல் நின்றாலும் இதே கதைதான்.

ஈசியில் வராதவை: பதிவு செய்யாத உடன்படிக்கை, பதிவு செய்த உயில் (அது பதிவு அலுவலகத்தின் 3-ம் புத்தகத்தில் போகிறது, ஈசி 1-ம் புத்தகத்திலிருந்து), நடக்கிற வழக்கு. வழக்குக்கு நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் சேலம் நீதிமன்றங்களில் விற்பவர், அப்பா, உடன்பிறந்தோர் பெயர்களை எழுத்துக்கூட்டல் மாற்றி மாற்றித் தேடுங்கள். பாகப்பிரிவினை வழக்கு நடக்கும்போது வாங்கினால் அதன் தீர்ப்பு உங்களையும் கட்டும். வங்கி அடமானங்களைப் பதியும் செர்சாய் (CERSAI) தளத்திலும் அடமானத்தைத் தேடலாம்.

ஒரிஜினல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். "தொலைஞ்சிருச்சு, நகல் இருக்கு" என்றால் அது எங்கோ அடகில் இருக்கலாம்.

சேலம்_வாங்குபவர்
நன்றி. தங்கைக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டாயிற்று, கையெழுத்து வேண்டாம் என்கிறார் விற்பவர்.

பதில் — பத்திரம்_படிப்பவன்
நகை வேறு, பங்கு வேறு. அப்பா சுயமாக வாங்கிய சொத்து. உயில் எழுதாமல் இறந்திருந்தால் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவின் தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பாட்டியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அவர் பிறகு இறந்திருந்தால் அந்தப் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போயிருக்கும், அத்தைகளையும் தேட வேண்டிவரும். தாசில்தார் தந்த வாரிசுச் சான்றை வைத்து ஒவ்வொருவரும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி. இல்லாவிட்டால் பையன் 18 முடிந்து மூன்று வருடத்துக்குள் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போடலாம்.

அம்மாப்பேட்டையில் ஒட்டிக் கட்டிய வீடுகள் அதிகம். பொதுச்சுவர், சந்து வழிப் பாத்தியம் பத்திரத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து, டேப் பிடித்து நாலு பக்கமும் அளந்துவிடுங்கள். சொத்து வரி, குடிநீர், மின் பாக்கி எல்லாம் சின்ன வேலை.

கேள்வி — மலை_ஆசை
இடையில் நுழைகிறேன். ஏற்காட்டில் மனை என்றாலும் இதேதானா?

பதில் — ஈசி_வாசகர்
இதெல்லாம் உண்டு, கூடவே வேறு சிலதும். ஏற்காடு வட்டம் ஹாகா எனும் மலைப்பகுதிக் கட்டுப்பாட்டில் வருகிறது, மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் தனி ஒப்புதல் வேண்டும். அரசு ஒப்படை செய்த (அரசே ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுத்த) நிலமா என்று பாருங்கள். மலையாளி பழங்குடியினருக்குக் கொடுத்த நிபந்தனைப் பட்டாவாக இருந்தால் கிரயம் நிற்காது. வருவாய்த்துறையின் ஏ-பதிவேட்டில் நில வகைப்பாட்டைப் பார்த்துவிட்டு, காப்புக்காட்டு எல்லையை வன அலுவலகத்தில் கேளுங்கள். எஸ்டேட்டை உடைத்து விற்கும் மனை என்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகவே பதிவானதா, வரன்முறை ஆனதா என்ற ஆணையை முதலில் கேளுங்கள். ஆணையைக் காட்டாமல் "சீக்கிரம் வந்துரும்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.