ஓஆர்எஸ்ஸில் சர்க்கரையோடு உப்பு எதற்கு?

கயல் அம்மா:
மகளுக்கு மூன்று வயது. போன வாரம் பேதி, தண்ணீராகவே போனது. ராத்திரி முழுக்க வெறும் குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக் கொடுத்தேன். காலையில் உதடு காய்ந்து, கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஓஆர்எஸ் கொடுத்தார்கள். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்ததில் சாயங்காலம் ஒன்றுக்குப் போனாள், அப்புறம்தான் எனக்கு உயிர் வந்தது. அதிலும் குளுக்கோஸ்தானே இருக்கிறது? கூட இருக்கும் உப்பு என்ன செய்கிறது?

உயிரியல் வாத்தியார்:
குடல் செல்லை மூடியிருப்பது கொழுப்பாலான சவ்வு. குளுக்கோஸ் தானாக அதைத் தாண்டாது. எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம்தான் அதற்கு வாசல். உப்பில் இருக்கும் சோடியம் இரண்டு கூட வந்தால்தான் ஒரு குளுக்கோஸை உள்ளே விடும். செல்லின் மறுபக்கத்தில் இருக்கும் பம்ப், வந்த சோடியத்தை ரத்தப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே சோடியம் குறைவாக இருப்பதால் வாசலில் இழுப்பு ஓயாது. இரண்டும் போன பக்கம் தண்ணீரும் போகும், செல்லுக்குள் புகுந்தும், செல்களுக்கு இடையிலுள்ள இடுக்கு வழியாகவும். சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகும் என்பதை 1960-இல் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் முன்வைத்தார்.

வார்டு அக்கா:
வாத்தியார் சொன்ன வாசல் காலராவில்கூட அடைபடாது, அதுதான் பெரிய விஷயம். காலரா நச்சு, உப்பின் இன்னொரு பாகமான குளோரைடு வெளியேறும் வழியைத் திறந்துவிடும், பின்னாலேயே தண்ணீர் கொட்டும். ஆனால் உப்பும் குளுக்கோஸும் உள்ளே போகும் வழி வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 1971-இல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்தபோது டாக்டர் திலீப் மஹலனபிஸ் இதை நம்பித்தான் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கரைத்து வாயால் கொடுக்க வைத்தார். எத்தனையோ உயிர் பிழைத்தது. இப்போதைய ஒரு லிட்டர் பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5, உப்பு 2.6 கிராம்தான்.

கயல் அம்மா:
அக்கா, பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் வேகமாக வேலை செய்யுமா? மாமியார் அப்படித்தான் சொல்கிறார்.

வார்டு அக்கா:
வேண்டவே வேண்டாம்மா! கரைசல் கெட்டியானால் ரத்தத்திலிருந்து குடலுக்குத் தண்ணீர் இழுக்கும், பேதி கூடும். உப்பு ஏறினால் குழந்தைக்கு ஆபத்து. பெரிய பாக்கெட் என்றால் முழுதாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் போடுங்கள். சின்ன பாக்கெட்டும் வருகிறது, அளவைப் படித்துவிட்டுக் கரையுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஸ்பூனால் கொடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள்.