அம்மா ஸ்பானிஷ், பிள்ளைங்க பதில் தமிழ்ல: எப்படிப் பேச வைக்கிறது?

வேளச்சேரி அப்பா:
மனைவி கொலம்பியாக்காரங்க. பையனுக்கு 7, பொண்ணுக்கு 4. பிறந்ததுல இருந்து அவங்க பிள்ளைங்ககிட்ட ஸ்பானிஷ்லதான் பேசுறாங்க. ரெண்டு பேருக்கும் எல்லாம் புரியுது, ஆனா பதில் தமிழ்ல, இல்லேன்னா இங்கிலீஷ்ல. எங்க அம்மாவும் கூடத்தான் இருக்காங்க. "எனக்குப் புரியாம என்னத்தப் பேசிக்கிறீங்க"ன்னு அவங்களுக்கு வருத்தம். ஆன்லைன் கிளாஸ்ல சொல்லித்தர்றது வேற, மனைவி பேசுறது வேற. "அம்மா தப்பாப் பேசுறாங்க"ங்கிறான் பையன். எங்க ஆரம்பிக்கலாம்? டிசம்பர்ல அவங்க ஊர்ப் பண்டிகையை இங்கேயே செய்யலாமான்னும் யோசனை.

பேச்சுப் பயிற்சி:
சார், பையன் பேசாததுக்குக் காரணம் ஒண்ணுதான்: தேவையே வரல. அம்மாவுக்குத் தமிழ் புரியும்னு அவனுக்குத் தெரியும். புரியாத மாதிரி நடிச்சா 7 வயசுப் பையன்கிட்ட எடுபடாது. "ஸ்பானிஷ்ல சொல்லு"ன்னு விரட்டினா இருக்குற பேச்சும் நின்னுடும்.

முதல்ல, தலையாட்டினாலே போதும்ங்கிற மாதிரி கேள்விகளைக் குறைங்க. "கியெரெஸ் லெச்சே?" (பால் வேணுமா?)ன்னா தலையை ஆட்டிட்டுப் போயிடுவான். "லெச்சே ஓ ஹூகோ?" (பாலா, ஜூஸா?)ன்னு ரெண்டை நீட்டினா ஒரு சொல்லாவது வந்தாகணும். அவன் "பால்"னு தமிழ்ல சொன்னா திருத்த வேண்டாம். "ஆ, லெச்சே. ஃப்ரீயா ஓ காலியென்தே?" (ஜில்லுன்னா, சூடாவா?)ன்னு அடுத்த கேள்விக்குப் போயிடணும். கேட்ட உடனே அம்மாவே பதிலையும் சொல்லிடுறது பல வீட்ல நடக்குது. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுற வரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்க.

ஃப்ரிட்ஜ், கண்ணாடின்னு பேர் எழுதி ஒட்டுறதால பெரிய பலன் இல்ல. ஒட்டுறதா இருந்தா தனிச்சொல் வேண்டாம், "ஆப்ரே லா நெவேரா" (ஃப்ரிட்ஜைத் திற) மாதிரி முழு வாக்கியமா ஒட்டுங்க.

மயிலாப்பூர் வாத்தியார்:
பையன் இங்கிலீஷ் வழியா ஸ்பானிஷைப் பிடிக்கிறான்னு தோணுது. தமிழ் வழியாப் போனா பாதி வேலை மிச்சம்.

உச்சரிப்பு: ஸ்பானிஷ் 'டி' (t) எழுத்து நம்ம 'த'தான், 'ட' கிடையாது. தக்காளி 'தோமாத்தே'. இங்கிலீஷ் வழி வந்த பிள்ளை 'டொமாட்டே'ன்னு சொல்லும். ரெண்டு உயிருக்கு நடுவுல 'த' மெலியறதும் நம்ம வழக்கம்தான். விரலுக்கு 'தெதோ'ன்னு சொல்லும்போது ரெண்டாவது த-வை 'அது'ல வர்ற மாதிரி மெலிசா விடணும். 'பெரோ'ன்னா ஆனால், 'பெர்ரோ'ன்னா நாய். சென்னைப் பேச்சுல ர, ற ஒண்ணாயிட்டதால இந்த உருட்டலுக்கு மட்டும் தனிப் பயிற்சி வேணும்.

இலக்கணம்: "எனக்கு மாம்பழம் பிடிக்கும்"ங்கிற அமைப்பு அப்படியே 'மே குஸ்தா எல் மாங்கோ'. இங்கிலீஷ்ல யோசிக்கிற பிள்ளை 'யோ குஸ்தோ'ன்னு தடுக்கி விழும். தமிழ்ல யோசிச்சா வேற இடத்துல சறுக்கும்: பழம் பலன்னா அங்க வினையும் பன்மை, 'மே குஸ்தான்'. நம்ம 'பிடிக்கும்' மாறாததால அந்த 'ன்' விட்டுப்போகும். பசிக்கும் வயசுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அங்க 'தெங்கோ' (என்னிடம் இருக்கு): 'தெங்கோ ஆம்ப்ரே', 'தெங்கோ சியெத்தே ஆஞோஸ்'.

பொருளுக்கும் ஆண்பால் ('எல்'), பெண்பால் ('லா') உண்டுங்கிறதுதான் தமிழ்ப் பிள்ளைக்குப் பெரிய தொல்லை. 'லா மானோ' (கை), 'எல் தீயா' (நாள்) ரெண்டும் ஈற்றெழுத்தைப் பார்த்து ஊகிச்சா தப்பாகும். சொல்லை எப்பவும் 'எல்', 'லா' சேர்த்தே சொல்லிக் கொடுங்க.

படிக்க ஸ்பானிஷ் எழுத்தையே காட்டுங்க. நான் இங்க தமிழ்ல எழுதுறது உங்களுக்காக. நம்ம 'க'வைப் பார்த்து எந்த 'க'ன்னு பிள்ளைக்குத் தெரியாது.

அம்மா பேசுறதுல தப்பே இல்ல. 'நீங்கள்லாம்'னு சொல்ல ஸ்பெயின் புத்தகத்துல 'போஸோத்ரோஸ்' இருக்கும், கொலம்பியாவுல 'உஸ்தேதெஸ்'. இதைப் பையன் எதிர்லயே ஆன்லைன் கிளாஸ் வாத்தியார் சொல்லணும். டெலேங்கிற ஸ்பானிஷ் மொழிப் பரீட்சையோட பள்ளி மாணவர் பிரிவு 11 வயசுல இருந்துதான். இப்ப அவசரம் இல்ல.

'தூ' நீ, 'உஸ்தெத்' நீங்க. அவ்வளவுதான்.

அண்ணாநகர் அடுப்பங்கரை:
வாத்தியாரே, அந்த நீ–நீங்க கணக்கைக் கொலம்பியாவுல அப்படியே போடாதீங்க. பல ஊர்ல பெத்தவங்க பிள்ளையையே 'உஸ்தெத்'னு கூப்பிடுவாங்க, மெதெயின் பக்கம் 'போஸ்'னு மூணாவது ஒண்ணும் உண்டு. அம்மா எதைச் சொல்றாங்களோ அதையே பிள்ளையும் சொல்லட்டும்.

தேவை வரலன்னு மேல ஒருத்தர் சொன்னாங்களே, அதுக்கு மருந்து அங்க இருக்குற பாட்டி. அவங்களுக்குத் தமிழ் தெரியாது, நடிக்க வேண்டியதே இல்ல. கொலம்பியா நமக்கு 10½ மணி நேரம் பின்னாடி, வருஷம் பூரா அதே. நம்ம ஞாயிறு காலை 7 அங்க சனி ராத்திரி 8:30. "பாட்டிக்கு ஹலோ சொல்லு"ன்னு போனை நீட்டினா ஓடிடுவான். தெரிஞ்சே ஆக வேண்டிய ஒரு விஷயத்தைக் கேட்டு வரச் சொல்லுங்க, நத்தீயாவுக்கு (அவங்க கிறிஸ்துமஸ் இனிப்பு) எத்தனை பட்டைங்கிற மாதிரி. அம்மா பக்கத்துல நின்னு மொழிபெயர்க்கக் கூடாது, அடுத்த ரூமுக்குப் போயிடணும்.

டிசம்பர் 7 ராத்திரி 'வெலித்தாஸ்'. வாசல்லயும் ஜன்னல்லயும் மெழுகுவத்தி ஏத்துவாங்க. சில வருஷம் நம்ம கார்த்திகை தீபமும் அதே வாரத்துல வரும். உங்க அம்மாவை அகலோட இதுல இழுத்துடுங்க, வருத்தம் பாதி குறையும். ஒவ்வொரு திரிக்கும் 'எஸ்தா வேலா எஸ் போர்…' (இந்த விளக்கு இன்னாருக்காக)ன்னு ஒரு பேர். ஒரே வாக்கியம், பேர் மட்டும் மாறும். 4 வயசுப் பொண்ணும் சொல்லிடும்.

நத்தீயா: பால் 1 லிட்டர், கார்ன்ஃப்ளவர் 100 கிராம், வெல்லம் 200 கிராம், பட்டை 2. அங்க பனேலாவை (அந்த ஊர் வெல்லம்) பால்லயே போட்டுக் காய்ச்சுவாங்க. நம்ம வெல்லத்தை அப்படிப் போட்டா பால் திரியலாம். முக்கால் லிட்டர் பாலைப் பட்டையோட கொதிக்க விட்டு, மீதிப் பச்சைப் பால்ல கரைச்ச மாவை ஊத்திக் கெட்டியாகிற வரைக்கும் கிளறுங்க. இறக்கி வச்சு, வடிகட்டின கெட்டி வெல்லப் பாகைச் சேர்த்து, மறுபடி சிம்மில் 2 நிமிஷம். கிளறும்போது 'ரெவுவெல்வே' (கிளறு), 'யா எஸ்பெஸோ' (கெட்டியாயிடுச்சு)ன்னு சொல்ற வேலை பையனுக்கு.

வேளச்சேரி அப்பா:
ரொம்ப நன்றிங்க. அரேபாவுக்கும் (அவங்க ஊர்ச் சோள ரொட்டி) அதே கார்ன்ஃப்ளவரா? போன தடவை கல்லுல போட்டதும் பிசுபிசுன்னு ஒட்டிடுச்சு.

அண்ணாநகர் அடுப்பங்கரை:
இல்லங்க. கடையில கார்ன்ஃப்ளவர்னு வெள்ளையாக் கொடுக்குறது வெறும் ஸ்டார்ச். அரேபாவுக்கு முன்னாடியே வேகவச்சு அரைச்ச சோள மாவு வேணும், 'மாசாரேபா'ன்னு தேடுங்க. 1 கப் மாவு, 1¼ கப் வெதுவெதுப்பான தண்ணி, உப்பு, 5 நிமிஷம் ஊறட்டும். தட்டும்போது ஓரம் வெடிச்சா தண்ணி பத்தல. சாதா மக்காச்சோள மாவுதான் கிடைச்சதுன்னா கொதிக்கிற தண்ணியை ஊத்திக் கிளறிப் பிசைஞ்சு, உள்ளங்கை அளவுக்குச் சின்னதாத் தட்டுங்க. பெருசாத் தட்டினா திருப்பும்போது உடையும்.