சௌசௌ மட்டும் இரண்டு வரியாக வருகிறது, பைத்தான் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பைத்தான் இப்போதுதான் பழகுகிறேன். அண்ணனின் காய்கறிக் கடைக்கு நாள் கணக்குக் கூட்டச் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். தரவு இணை இணையாக வரும்: தக்காளி, 5, கொத்தமல்லி, 2, மறுபடி தக்காளி, 3. தக்காளி 8 என்று வர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பட்டியலை அப்படியே, ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு என்று வைத்திருக்கும் டிக்‌ஷனரி ஆக்கினேன். பின்னால் வந்தது முன்னதை அழித்துவிட்டு 3 மட்டும் மிஞ்சியது. அப்புறம், எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுன்டரில் போட்டேன். அது 'தக்காளி, 5' என்ற இணை முழுவதையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு 1 என்றது. சரி என்று ஒவ்வொரு இணையாக எடுக்கும் ஃபார் லூப்பில், பெயருக்கான மதிப்பைத் தரும் கெட் வைத்து, பெயர் இல்லாவிட்டால் 0 என்று கொடுத்துக் கூட்டினேன். தக்காளி 8 வந்துவிட்டது.

ஆனால் கொத்தமல்லி இரண்டு வரியாக நின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நீளம் சொல்லும் லென் போட்டால் ஒன்று 10, மற்றது 11. ஒன்றில் 'கொ'வின் குறி ஒரே குறியீடு, இன்னொன்றில் கொம்பும் காலும் தனித்தனி. பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்ததும் சேர்ந்துவிட்டன.

சௌசௌதான் மசியவில்லை. யாரோ கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' எழுத்தையே தட்டியிருக்கிறார்கள். நார்மலைஸ் செய்த பிறகும் நீளம் 4, 6 என்றே நிற்கிறது. கொம்புக்குப் பின் வரும் ளகரத்தையெல்லாம் மாற்றினால் வெள்ளரி கெட்டுப்போகும்! பெயர்களுக்கு ஒரு மாற்றுப் பட்டியல் வைப்பதுதான் வழியா, வேறு ஏதாவது உண்டா? பாண்டாஸ் என்ற தரவு நூலகம் மட்டும் வேண்டாம், கடைக் கணினி ரொம்பப் பழசு.