இளவேனில் தொடக்கத்தில் பூவும் மரக்கறியும்: ரொறன்ரோ வளவில் இப்போது எதை நடுவது?

பின்வளவு – செப்ரெம்பர் 13

அனைவருக்கும் வணக்கம். ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில், 20 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட, தெற்கு வெயில் நன்றாக விழும் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. முன்வளவில் பெரிய மேப்பிள் மரம் ஒன்று நிற்பதால் கோடையில் அங்கே வெயிலே விழுவதில்லை. இரண்டு இடங்களிலும் மண் களிமண்.

சென்ற ஆண்டு எனக்கு இரண்டு தோல்விகள் ஏற்பட்டன. ஏப்ரல் நடுப்பகுதியில் மூன்று நாட்கள் தொடர்ந்து 20 பாகைக்கு மேல் வெயில் எறித்ததை நம்பி, வருடப்பிறப்பன்று நல்ல நேரம் பார்த்து, கடையில் வாங்கிய மிளகாய், கத்தரிக் கன்றுகளை நானும் அப்பாவும் சேர்ந்து நட்டோம். பத்து நாள் கழித்து இரண்டு இரவுகள் உறைபனி விழுந்ததில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. அதற்கு முந்திய ஒக்ரோபரில் நட்ட ஐம்பது ரியூலிப் கிழங்குகளில் பெரும்பாலானவற்றை அணில்கள் தோண்டிக்கொண்டு போய்விட்டன. ஆறு மட்டுமே பூத்தன.

அப்பா யாழ்ப்பாணத்து உரும்பிராயில் செம்மண் நிலத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர். நவம்பர் தொடக்கம் மார்ச் வரை யன்னலோரம் இருந்து வெள்ளை நிலத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவரை மிகவும் சோர்வடையச் செய்கிறது. பனி கரைந்தவுடன் அவர் கண்ணில் படும்படி சில பூக்களும், மே, யூன் மாதங்களில் அவர் கையால் பறித்துச் சமைக்கக்கூடிய மரக்கறிகளும் வேண்டும் என்பதே என் ஆசை. அதற்கு இப்போதே செய்யக்கூடிய வேலை ஏதும் உண்டா, அல்லது ஏப்ரல் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

மார்க்கம் தோட்டம் – செப்ரெம்பர் 13

வணக்கம் தம்பி. சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள், ஏனென்றால் இந்த ஊரில் இளவேனில் தோட்டத்தின் பாதி வேலை புரட்டாசியிலும் ஐப்பசியிலும்தான் நடக்கிறது. ஊரில் நாங்கள் கிணற்றில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துப் பயிர் வைத்தோம். இங்கே பார்க்க வேண்டியது மண்ணின் வெப்பம். காற்று மூன்று நாளில் சூடாகிவிடும். களிமண் அப்படிச் சூடாவதில்லை. ரொறன்ரோப் பகுதியில் கடைசி உறைபனி பெரும்பாலும் மே மாதத்தின் முதற்பாதி வரை வரக்கூடியது என்பதால், வருடப்பிறப்பன்று நட்ட மிளகாய் பிழைக்காமல் போனதில் உங்கள் அப்பாவின் கைப்பிழை எதுவும் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

முதலில் இந்த வாரமே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பின்வளவில் ஒரு மூலையைக் கொத்தி, கூட்டுப்பசளை கலந்து, ஸ்பினாச் கீரை விதையை இப்போதே தூவுங்கள். குளிர் இறுகுவதற்குள் நாலைந்து இலைகள் விட்ட செடி அப்படியே உறங்கிப் பனிக்குக் கீழே உயிரோடு கிடக்கும். பனி பயிரைக் கொல்லும் என்று நாங்கள் நினைக்கிறோம், உண்மையில் அது போர்வை போல வேரைக் காக்கிறது. பனி இல்லாமல் காய்ந்த குளிர்காற்று அடிக்கும் வாரங்களே ஆபத்தானவை, அதற்காக நவம்பர் கடைசியில் காய்ந்த மேப்பிள் இலைகளை மெல்லியதாகப் பரப்பி விடலாம். ஏப்ரல் பிறந்ததும் அந்தச் செடிகள் தளிர்க்கும். அந்த மாதம் முடிவதற்குள், வேறு எந்தப் பாத்தியிலும் ஒன்றும் இல்லாத நேரத்தில், உங்கள் அப்பா கீரை பறிப்பார். ஏப்ரல் கடைசியில் பகல் பதினான்கு மணி நேரத்தைத் தாண்டிவிடும்; அதன்பின் மே மாதத்தில் ஸ்பினாச் பூத்தண்டு விட்டுக் கசக்கத் தொடங்கும், ஆகவே இளவேனிலில் விதைப்பவர்களுக்குக் கிடைப்பது மிகக் குறுகிய காலம். இலையுதிர்காலத்தில் விதைத்தவருக்கு அந்தக் காலம் முழுவதும் அறுவடைக் காலமாக அமைகிறது.

அடுத்தது உள்ளி (வெள்ளைப்பூண்டு). ஒக்ரோபர் நடுப்பகுதியில், நடுவில் கடினமான தண்டு உள்ள உள்ளியை உள்ளூர் விவசாயிகளின் சந்தையில் வாங்கி, பல் பல்லாகப் பிரித்து, கூர்முனை மேலே இருக்கும்படி 5 சென்ரிமீற்றர் ஆழத்தில், 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டு, வைக்கோலால் மூடிவிடுங்கள். கடையில் சமையலுக்கு விற்கும் உள்ளி முளைக்காதபடி பதப்படுத்தப்பட்டதாக இருக்கக்கூடும் என்பதால் அதை நான் நடுவதில்லை. யூனில் சுருண்டு வரும் பூத்தண்டை முறித்துப் பால்கறி வைக்கலாம், யூலையில் கிழங்கைக் கிளறி எடுக்கலாம்.

பூவுக்கு முன்வளவின் மேப்பிள் மரம் ஒரு தடையே அல்ல. அந்த மரம் இலை விடுவதற்கு மே ஆகிவிடும். அதற்கு முன்பே மார்ச், ஏப்ரல் வெயிலைக் குடித்துப் பூத்து முடித்துவிடும் கிழங்குப் பூச்செடிகள் உண்டு. முதலில் ஸ்னோட்றொப், பின் குறோக்கஸ், ஏப்ரலில் டஃபடில், ஏப்ரல் கடைசியிலிருந்து ரியூலிப் என்று அவை வரிசையாக வரும். இவற்றை ஒக்ரோபர் தொடக்கத்திலிருந்து நிலம் உறையும் வரை நடலாம். பொதுவாகக் கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம் போதும். ரியூலிப்புக்கு 15 முதல் 20 சென்ரிமீற்றர், குறோக்கஸுக்கு 8 முதல் 10. ரியூலிப் கிழங்குக்குப் பன்னிரண்டு வாரத்துக்குக் குறையாத குளிர் உள்ளே இறங்கினால்தான் பூத்தண்டு நீளும், ஆகவே இளவேனிலில் மலிவு விலைக்குக் கிடைக்கும் கிழங்குகளை வாங்கி நட்டால் அந்த ஆண்டு பூ கிடைக்காது. ஒட்டாவாவில் ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் போய்ப் பார்க்கும் ரியூலிப் வயல்களும் முந்திய இலையுதிர்காலத்தில் மண்ணுக்குள் போனவைதான். போர்க்காலத்தில் இளவரசி யூலியானாவுக்கும் பிள்ளைகளுக்கும் அடைக்கலம் தந்ததற்கு நன்றியாக நெதர்லாந்து 1945இல் ஒரு இலட்சம் கிழங்குகளை அனுப்பியதிலிருந்து வந்த வழக்கம் அது. அடைக்கலம் தேடி இந்த நாட்டுக்கு வந்தவள் என்பதால், அந்தப் பூக்களைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

அணில் டஃபடிலைத் தொடாது, ஏனென்றால் அதன் கிழங்கு நஞ்சுடையது. ஆகவே பெரும்பகுதி டஃபடிலாக வைத்து, ரியூலிப்பைக் குறைத்து, ரியூலிப் நட்ட இடத்தின் மேல் கோழிவலையை விரித்து அதன்மேல் இரண்டு அங்குலம் மண் போட்டுவிடுங்கள். தளிர் வலைக் கண்ணுக்குள்ளால் வரும், அணிலால் தோண்ட முடியாது. எலும்புத்தூள் போட வேண்டாம், அந்த மணமே விலங்குகளைக் கூட்டி வருகிறது.

கீரைப்பாத்தி – செப்ரெம்பர் 14

அக்கா சொன்னவற்றோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். டஃபடிலையும் உள்ளியையும் ஒரே பாத்தியிலோ அருகருகிலோ நடாதீர்கள். இரண்டும் ஏப்ரலில் ஏறத்தாழ ஒரே உயரத்தில் பச்சையாக நிற்கும், இரண்டுக்கும் கிழங்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் தோட்டத்தில் கண்ட வெங்காயத்தாளையும் உள்ளித்தாளையும் கிள்ளிச் சமைக்கும் பழக்கம் உள்ளவர்கள் என்பதால் இது சாதாரண விடயம் அல்ல; டஃபடில் தாளோ கிழங்கோ சமையலில் கலந்தால் கடும் வாந்தி ஏற்படும், சமைப்பதால் அந்த நஞ்சு போவதும் இல்லை. கசக்கி முகர்ந்தால் உள்ளி மணம் வராத எதையும் சமையலறைக்குக் கொண்டுவரக்கூடாது என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். நான் டஃபடில்களை முன்வளவில் மட்டுமே வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, பூ உதிர்ந்த பின் டஃபடில் இலைகளை அழகுக்காக வெட்டிவிடாதீர்கள். அவை தாமாக மஞ்சளாகும் வரை, ஏறத்தாழ ஆறு வாரங்கள், கிழங்குக்கு உணவு சேர்த்துக்கொண்டிருக்கின்றன. முதலாம் ஆண்டு நன்றாகப் பூத்த பாத்தி அடுத்த ஆண்டு வெறும் இலையாக நிற்பதற்கு அந்த வெட்டு ஒரு முக்கிய காரணம்.

பின்வளவு – செப்ரெம்பர் 14

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டஃபடில் பற்றிய எச்சரிக்கை எங்கள் வீட்டுக்கு மிகவும் தேவையானது. இரண்டு சந்தேகங்கள் மீதமிருக்கின்றன. களிமண்ணை எப்போது கொத்துவது, ஏப்ரலில் அது சேறாகவும் யூனில் ஓடுபோலவும் அல்லவா இருக்கிறது? அத்துடன், மிளகாய் நடும் ஆசையை அப்பா விடுவதாக இல்லை. அதற்குச் சரியான நாள் எது?

செம்மண் – செப்ரெம்பர் 15

உங்கள் அப்பாவுக்குப் பழக்கமான செம்மண், கீழே சுண்ணாம்புக்கல் இருப்பதால், இறைத்த தண்ணீரை உடனே உள்ளே விட்டுவிடும். ஸ்காபரோக் களிமண் அப்படியல்ல, பனி கரைந்த தண்ணீரை வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். நான் இங்கே வந்த முதல் ஆண்டுகளில் ஏப்ரல் தொடக்கத்திலேயே மண்வெட்டியோடு இறங்கி, ஈர மண்ணை மிதித்துப் புரட்டி, கோடை முழுவதும் செங்கல் போன்ற கட்டிகளோடு போராடினேன். இப்போது ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பார்க்கிறேன். விரலால் தட்டும்போது உதிர்ந்தால் வேலை தொடங்குவேன், பளபளப்பான உருண்டையாகவே இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுப்பேன். கொத்துவதை இந்த ஒக்ரோபரிலேயே முடித்து, மூன்று நான்கு அங்குலம் கூட்டுப்பசளையும் நொறுக்கிய இலைகளும் பரப்பிவிட்டால், குளிர்காலத்தில் உறைந்தும் இளகியும் வரும் மண் தானாகவே பொலபொலவென்று ஆகும். மணலைக் கொட்டித் திருத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்ந்தால் அது இன்னும் இறுகும். ஓரடி உயரத்துக்குப் பலகை அடித்து உயர்த்திய ஒரு பாத்தியாவது செய்ய முடிந்தால், அது மற்ற நிலத்துக்கு முன்பே வடிந்து சூடாகும்.

விதைப்பு நாளை நான் நாட்காட்டியில் பார்ப்பதைக் குறைத்துவிட்டேன். வேலியோரம் மஞ்சளாகப் பூக்கும் போர்சித்தியாச் செடி மலரும்போது பட்டாணி, முள்ளங்கி, சலாது, வெந்தயம், கொத்தமல்லி எல்லாவற்றையும் விதைக்கிறேன். அது பெரும்பாலும் வருடப்பிறப்பை ஒட்டியோ சற்றுப் பிந்தியோ வரும். அதற்கு முன்னர் அவசரப்பட்டுப் பயனில்லை, ஏனென்றால் 5 பாகை மண்ணில் பட்டாணி முளைக்க ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும், அதற்குள் பாதி விதை அழுகிவிடும். 15 பாகை மண்ணில் பத்து நாள் கணக்கில் முளைத்துவிடும். முளைத்த பட்டாணி லேசான உறைபனியைத் தாங்கும். முள்ளங்கி நாலே வாரத்தில் கைக்கு வரும், மேலே மெல்லிய துணி மூடினால் இலையைச் சல்லடையாக்கும் தெள்ளு வண்டு அண்டாது. கொத்தமல்லியை இங்கே இளவேனிலில் விதைப்பதே சிறப்பு, யூலை வெயிலில் அது உடனே பூத்துவிடும்.

வருடப்பிறப்பன்று ஏதாவது நட வேண்டும் என்ற அப்பாவின் ஆசையை அந்தப் பட்டாணியும் வெந்தயமும் நிறைவேற்றட்டும். மிளகாய்க்கு வேறு கணக்கு. மார்ச் முதல் வாரத்தில் வீட்டுக்குள், 25 பாகைக்குக் குறையாத சூட்டில் விதையை முளைக்க வைத்து, விளக்கு வெளிச்சத்தில் வளர்த்து, மே நடுவில் ஒரு வாரம் பத்து நாள் வெளியே கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கி, மே பின்பாதியில் வரும் விக்ரோறியா நாள் விடுமுறை கழிந்த பின், இரவு வெப்பம் 12 பாகைக்குக் குறையாது என்று தெரிந்ததும் நடுங்கள். எங்கள் கணக்கில் அது வைகாசி. கத்தரி, பயித்தை, வெண்டி, முளைக்கீரை எல்லாவற்றுக்கும் அதே காலம்தான். மார்ச் மாதச் சோர்வுக்கு மிளகாய்த் தட்டு மிக நல்ல மருந்து என்பதை என் தந்தையாரிடம் நான் நேரில் கண்டிருக்கிறேன். வெளியே பனி கொட்டும்போது அவர் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது நிலக்கீழறையில் இருந்த அந்தக் கன்றுகளைத்தான்.

கீரைப்பாத்தி – செப்ரெம்பர் 15

பூக்கள் வாங்கும்போது நீல நிறச் சிறு பூவாகிய ஸ்கில்லாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். விலை குறைவு, அழகும் உண்டு, ஆனால் அது வேலியைத் தாண்டிப் பரவி ஒன்ராறியோவின் காட்டுச் செடிகள் வளரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பதிலாகக் குறோக்கஸைக் கூட்டமாக நட்டால், நிலத்துக்குள் குளிர்காலத்தைக் கழித்து வெளியே வரும் முதல் தேனீக்களுக்கும் அது உணவாகும். மேப்பிள் நிழலுக்கு இந்த மாகாணத்தின் மலராகிய ரில்லியமும் பொருத்தமானது, ஆனால் காட்டிலிருந்து தோண்டி எடுக்காமல், விதையிலிருந்து வளர்த்து விற்கும் நாற்றுமேடைகளில் மட்டும் வாங்குங்கள். விதை பூவாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆவதால் விலை சற்று அதிகமாகவே இருக்கும்.

பின்வளவு – செப்ரெம்பர் 20

இன்று அப்பாவும் நானும் தெற்கு மூலையில் நாலடிக்கு ஆறடி இடத்தைக் கொத்தி ஸ்பினாச் விதைத்துவிட்டோம். சமையலறை வெப்பமானியை மண்ணில் குத்திப் பார்த்தபோது 18 பாகை காட்டியது. பனிக்குக் கீழே ஒரு கீரை உயிரோடு கிடக்கும் என்பதை அப்பா இன்னும் நம்பவில்லை, ஆனால் வரிசைகளை நூல் பிடித்து இழுத்தவர் அவர்தான். முன்வளவுக்கு அறுபது டஃபடிலும் நாற்பது குறோக்கஸும் பதினைந்து ரியூலிப்பும் வாங்கியிருக்கிறோம், கோழிவலையும் வந்துவிட்டது. உள்ளி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. மார்க்கம் பக்கத்தில் இந்த வாரம் எந்தச் சந்தையில் நல்ல விதை உள்ளி இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.